மந்தர ஒலியும் சிற்றறையும்

கடலை அடுத்து வாழ்வோர்க்கு ஆழ்ந்த ஒலிகள் புதியன அல்ல. தூத்துக்குடித் துறைமுகத்தை நெருங்கும் பெரிய சரக்குக் கப்பல் தன் ஊதலை முழக்கும்போது, அவ்வொலி தெருக்களையும் கிட்டங்கிகளையும் சுற்றி வளைந்து, மூடிய சன்னலையும் கடந்து வீட்டுக்குள் வந்து சேருகிறது. கோயில் வாயிலில் தவில் முழங்கினால், அதன் தாழ்ந்த பக்கத்து ஓசை செவியில் படுவதோடு நில்லாமல் மார்பிலும் வந்து மோதுவதுபோலத் தோன்றுகிறது. மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுத்த சங்கை ஒருவர் ஊதினால், அதன் முழக்கம் நெடுந்தொலைவு செல்கிறது. ஆலையின் ஊதலையும் நம் மக்கள் ‘சங்கு’ என்றே அழைத்தார்கள்.

இத்தகைய ஆழ்ந்த ஒலியைப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஒரு சிறிய அறைக்குள், ஒரு பெட்டியிலிருந்து எழச் செய்யலாம். அப்பெட்டிக்குச் ‘சப்வூஃபர்’ என்று பெயர். இந்நாளில் அது பல வீடுகளுக்கு வந்துவிட்டது. அதை வாங்க இளைஞர்கள் மாதக்கணக்கில் பணம் சேர்க்கிறார்கள். ஆயின், வாங்கிய பின்பு பல வீடுகளில் நான் கேட்டது இசையன்று. ஒரே சுரத்தில் அடங்காது உறுமும் ஓர் இரைச்சல். மிருதங்கக் கலைஞரின் இடக்கை என்ன சொல்கிறது என்பதே அதில் தெரிவதில்லை. பணமும் போயிற்று, பாட்டும் போயிற்று என்ற நிலை ஏன் நேருகிறது? இதற்கு விடை காண வேண்டுமானால், மந்தர ஒலியை மனிதன் அறிந்து அடக்கிய வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்க்க வேண்டும். அவ்வரலாற்றின் சில ஏடுகள் நம் கரையிலேயே கிடக்கின்றன.

முதலில், தாழ்ந்த ஒலி என்பது யாது? பண்டைத் தமிழிசையார் ஒலியின் மூன்று நிலைகளை மெலிவு, சமன், வலிவு என்று வகுத்தனர். பிற்காலத்தார் மந்தரம், மத்தியம், தாரம் என்றனர். விஞ்ஞானிகள் அதையே அதிர்வெண்ணால் அளக்கிறார்கள். வினாடிக்கு ஓர் அதிர்வு என்பது ஒரு ஹெர்ட்ஸ். ‘ஒரு கட்டை’ச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். அவருக்குப் பின்னே ஒலிக்கும் தம்புராவின் மந்தரத் தந்தி அதில் பாதியாக, ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. மனிதச் செவி கேட்கும் கீழெல்லை சுமார் 20 ஹெர்ட்ஸ் என்பர்.

ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்கிறது. அந்த வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஒரு முழத்துக்கும் குறைவு. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ எட்டரை மீட்டருக்கு மேல். 20 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 17 மீட்டர். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பின்னர்ச் சொல்லப்போவதெல்லாம் இவற்றினின்று பிறப்பதே. எட்டரை மீட்டர் நீளமுள்ள ஓர் அலையை மூன்றரை மீட்டர் அறைக்குள் வரவழைக்கிறோம். விருந்தாளி வீட்டைவிடப் பெரியவர்!

நீண்ட அலைக்குச் சுவரும் தூணும் பெரிய தடைகள் அல்ல. அது அவற்றைச் சுற்றி வளைந்து செல்லும். கடல்வழிச் சட்டம் வகுத்தோர் இவ்வியல்பைத் தம் பணிக்குப் பயன்படுத்தினர். கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாதிருக்க 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சருவதேச விதிகள், 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் ஊதல் 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. 75 முதல் 200 மீட்டர் வரை நீளமுள்ள கப்பலுக்கு 130 முதல் 350 ஹெர்ட்ஸ்; அதனினும் சிறியதற்கு 250 முதல் 700 ஹெர்ட்ஸ். மூடுபனியில் கண் உதவாதபோது, குரலின் ஆழத்தைக் கொண்டே வருவது பெரிய கப்பலா சிறிய கலமா என்று மாலுமி உணரலாம். ஒரு காலத்தில், தூத்துக்குடியின் கரையோரக் கடல் ஆழமற்றதாகையால், பெரிய கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்க, தோணிகளே சரக்கை ஏற்றி இறக்கின. 1974ஆம் ஆண்டில் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இன்று பெருங்கப்பல்கள் துறையிலேயே வந்து அணைகின்றன. அவற்றின் மந்தரக் குரலும் ஊருக்கு அருகே வந்துவிட்டது.

இனிச் சங்குக்கு வருவோம். முத்துச்சிப்பியைப் போலவே சங்கும் இக்கடலின் பழஞ்செல்வம். முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நிகழ்வதன்று. சிப்பி விளைந்த ஆண்டுகளில் மட்டுமே நிகழ்ந்தது. 1955இல் தொடங்கிய வரிசை 1961உடன் நின்றது. ஆனால் சங்கு குளிப்பு இடையறாது நடந்து, வங்காளத்து வளையல் தொழிலுக்கு நெடுங்காலம் மூலப்பொருள் அளித்தது. முத்து, சங்கு வளங்களை மேற்பார்வையிட்ட ஜேம்ஸ் ஹார்னெல் என்பார் 1914ஆம் ஆண்டில் இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

சங்கைக் காதில் வைத்தால் கடலோசை கேட்கும் என்று சிறுவர் சொல்வர். கேட்பது கடலன்று. நம்மைச் சுற்றி எப்போதும் மெல்லிய இரைச்சல் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. அதில் பல அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன. சங்கின் உட்கூடு தன் அளவுக்கும் வடிவுக்கும் பொருந்திய சிலவற்றை மட்டும் தேர்ந்து பெருக்குகிறது, மற்றவற்றை விட்டுவிடுகிறது. இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். சிறிய சங்கு உயர்ந்த ஒலியையும், பெரிய சங்கு தாழ்ந்த ஒலியையும் தேர்கின்றன. அடைபட்ட காற்றுக்கெல்லாம் இப்படி விருப்பு வெறுப்பு உண்டு.

ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை முறையாக ஆராய்ந்து, 1863ஆம் ஆண்டில் தம் ஒலியியல் பெருநூலில் விளக்கினார். கழுத்துள்ள உருண்டைக் கலங்கள் பலவற்றை அவர் செய்வித்தார். கலத்தின் உள்ளே உள்ள காற்று ஒரு வில்லைப்போல் சுருங்கி விரிகிறது. கழுத்திலுள்ள காற்று, அவ்வில்லின் முனையில் தொங்கும் எடைபோல் முன்னும் பின்னும் ஆடுகிறது. வில் தளர்ந்தாலும், எடை மிகுந்தாலும் ஆட்டம் மெதுவாகும்; ஒலி தாழும். தாழ்ந்த ஒலி வேண்டுமானால் கலம் பெரிதாக வேண்டும், அல்லது கழுத்து நீண்டு குறுக வேண்டும் என்பது இதன் பயன்.

எடை மிகுந்தால் ஒலி தாழும் என்ற இவ்வுண்மையை நம் மிருதங்கக் கலைஞர்கள் எந்த நூலையும் பாராமல் கண்டிருந்தார்கள். கச்சேரி தொடங்குமுன் இடப்பக்கத்துத் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புகிறார்களே, அது எதற்கு? தோலின் எடையைக் கூட்டி, அதன் குரலை வலந்தலையினும் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறக்குவதற்கே. வலந்தலையின் நடுவே நிலையாகப் பூசிய கரிய சோற்றின் இரகசியத்தை ஆராய்ந்தவர் சர் சி. வி. ராமன். வெறுந்தோலில் எழும் மேலதிர்வுகள் ஒன்றோடொன்று இசையாமல் கிடக்க, அக்கரும்பூச்சு அவற்றை இசைவான வரிசையில் நிறுத்துகிறது என்பதை அவர் 1920ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட குறிப்பிலும், பின்னர் 1930களில் விரிவான கட்டுரையிலும் விளக்கினார்.

இவ்வாறு சங்கும் மிருதங்கமும் கற்பித்த பாடங்கள் இருக்க, வானொலி வந்தது. சென்னையில் 1924ஆம் ஆண்டில் மாகாண ரேடியோ சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கியது. கடலுக்கு அப்பால் கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசம்பரில் ஒலிபரப்பு பிறந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16ஆம் நாளும், திருச்சி நிலையம் 1939 மே 16ஆம் நாளும் தொடங்கின. திருநெல்வேலி நிலையம் 1963ஆம் ஆண்டு டிசம்பரில் எழுந்தது. தென்கோடிக் கரையில் வாழ்ந்தோர், கடலின் இருபுறத்து நிலையங்களையும் ஒரே பெட்டியில் திருப்பித் திருப்பிக் கேட்டனர்.

அந்தச் சிறு பெட்டிகளின் ஒலிபெருக்கி பெரும்பாலும் உள்ளங்கையினும் சற்றே அகன்றது. 65 ஹெர்ட்ஸ் ஒலியை அதனால் உரக்க எழுப்ப இயலாது. ஆனால் தம்புரா ஒலிக்கிறது என்பதை நாம் உணர்ந்தோமே, அது எப்படி? ஒரு சுரத்துக்கு அடிப்படை அதிர்வோடு, அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என மேலதிர்வுகளும் உண்டு. சிறு பெட்டி அடிப்படையை இழந்து மேலதிர்வுகளை மட்டும் தந்தாலும், நம் செவியும் மூளையும் சேர்ந்து அந்த அடிப்படையைத் தாமே ஊகித்து நிரப்பிக்கொள்கின்றன. இது செவிக்கு இயற்கை அளித்த கொடை. ஆயினும் ஊகித்த சோற்றால் பசி அடங்காது. சுரம் விளங்கும், அதன் உடல் விளங்காது. தொப்பியின் கும்காரம் எழுத்தாக வந்ததேயன்றி முழக்கமாக வரவில்லை.

அவ்வுடலை மீட்கும் முயற்சியே பின்வந்த ஐம்பது ஆண்டுகளின் கதை. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925ஆம் ஆண்டில் ஒரு புதிய ஒலிபெருக்கியை விளக்கினர். காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். சுருளோடு இணைந்த ஒரு காகிதக் கூம்பு. மின்னோட்டம் மாற மாறச் சுருள் அசைகிறது. கூம்பு காற்றைத் தள்ளுகிறது. இன்றும் பெரும்பாலான ஒலிபெருக்கிகளின் அடிப்படை இதுவே. ஆனால் ஓர் இடர் உண்டு. கூம்பு முன்னே காற்றை அழுத்தும்போது, பின்னே காற்று தளர்கிறது. நீண்ட அலை வளைந்து செல்லும் என்றேன் அல்லவா? முன்னலையும் பின்னலையும் வளைந்து கூடி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஆகவே கூம்புக்குப் பின்னே ஒரு பெட்டி இன்றியமையாதது.

அப்பெட்டி இரு வகையாக வளர்ந்தது. பெல் ஆய்வுக்கூடத்து ஆல்பர்ட் துராஸ் என்பார் பெட்டியில் ஒரு துளை வைத்து, 1932ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். பெட்டிக் காற்று வில்லாகவும், துளைக் காற்று எடையாகவும் ஆடும். இது ஹெல்ம்ஹோல்ட்ஸின் கலமேயன்றி வேறில்லை. தாழ்ந்த ஒரு குறிப்பிட்ட அதிர்வில் கூம்புக்குத் துணைநின்று ஒலியைப் பெருக்குகிறது. இன்னொரு வழியை 1954ஆம் ஆண்டில் எட்கர் வில்சர் காட்டினார். அவர் பெட்டியை முற்றும் மூடினார். கூம்பைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உள்ளே அடைபட்ட காற்றையே அதன் வில்லாக்கினார். அதனால் அலமாரியளவு பெட்டி தந்த ஆழத்தைப் புத்தகத் தட்டில் அடங்கும் பெட்டியும் தந்தது. பின்னர் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961ஆம் ஆண்டிலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் இவ்விரு பெட்டிகளையும் கணக்குக்கு உட்படுத்தினர். அதுவரை தச்சரின் அனுபவமாக இருந்தது, பொறியாளரின் சூத்திரமாயிற்று.

அச்சூத்திரங்களுள் ஒன்று கடுமையானது. ஹாஃப்மன் என்பார் பெயரால் அதை இரும்பு விதி என்பர். சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, குறைந்த மின்னாற்றலில் மிகுந்த உரப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே பெற முடியாது. இரண்டைக் கேட்டால் மூன்றாவதைக் கைவிட வேண்டும். உரப்புத்திறன் குறையாமல் 40 ஹெர்ட்ஸிலிருந்து 20 ஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டுமானால், பெட்டி எட்டு மடங்கு பெரிதாக வேண்டும். கூம்பின் அசைவும் நான்கு மடங்காக வேண்டும். செவியும் நமக்கு உதவுவதில்லை. தாழ்ந்த ஒலியை அது எளிதில் கேளாது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933ஆம் ஆண்டில் அளந்து காட்டினர். மெல்லிய உரப்பில், 50 ஹெர்ட்ஸ் ஒலி 1,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு இணையாகக் கேட்க, 30 டெசிபெலுக்கும் மேல் கூடுதலாக ஒலிக்க வேண்டும்.

இத்தகைய உழைப்பைச் சாதாரண ஒலிபெருக்கியின் தலையில் சுமத்தாமல், மந்தரத்துக்கென்றே ஒரு தனிப் பெட்டியை அமைத்தார்கள். அதுவே சப்வூஃபர். 1974ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எர்த்குவேக்’ என்ற அமெரிக்கத் திரைப்படத்துக்காகத் திரையரங்குகளில் பெரும் மந்தரப் பெட்டிகளை வைத்து, நிலநடுக்கத்தை மக்கள் உடலால் உணரச் செய்தனர். அரங்கில் தொடங்கிய அந்த ஆசை, படிப்படியாக வீட்டுக்குள்ளும் புகுந்தது.

இங்கேதான் கதை திரும்புகிறது. அரங்கு பெரிது, வீட்டு அறை சிறிது. நாம் சங்கைக் காதில் வைத்துக் கேட்டோம். சிறிய அறையில் சப்வூஃபரைக் கேட்பவனோ சங்கின் உள்ளேயே அமர்ந்திருக்கிறான். ஆம், நான்கு சுவரும் தளமும் கூரையும் அடைத்த காற்றும் ஒரு சங்குக்கூடுதான். அதற்கும் விருப்பு வெறுப்பு உண்டு. பெட்டி எந்த ஒலியை எழுப்பினாலும், அறை தனக்குப் பிடித்ததைப் பெருக்கும், பிடிக்காததை விழுங்கும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். இரு சுவருக்கிடையே ஓர் அலையின் பாதி சரியாகப் பொருந்தினால், அங்கே நிலையலை உண்டாகும். பன்னிரண்டடி என்பது 3.66 மீட்டர், அதன் இருமடங்கு 7.32. 345ஐ இதனால் வகுத்தால் 47 ஹெர்ட்ஸ். பத்தடி அகலத்துக்கு இதே கணக்கு ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸ் தரும். கூரையும் பத்தடி உயரமாயின், அதுவும் 57. இரண்டு அளவுகள் ஒன்றாயிருப்பதால் அந்த ஒரு சுரத்தில் அறை இருமடங்கு பிடிவாதம் பிடிக்கும். அடங்காத உறுமலின் பிறப்பிடம் இதுவே. நிலையலையில் சுவரோரத்தில் அழுத்தம் மிகும், நடுவில் ஒடுங்கும். ஆகவே அறையின் நட்ட நடுவில் அமர்ந்தவனுக்கு 47 ஹெர்ட்ஸ் ஒலி மறைந்துவிடும். சுவரில் சாய்ந்து அமர்ந்தவனுக்கோ அதுவே காதை அடைக்கும். ஒரே பெட்டி, ஒரே பாட்டு, ஒரே அறை. இரண்டு நாற்காலிகளில் இரண்டு இசை!

அறையும் இசைக்கருவியே என்பதை 1895ஆம் ஆண்டு தொடங்கி ஆராய்ந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வாலஸ் சேபின். பேச்சு விளங்காத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சீர்செய்யும் பொறுப்பு அவருக்கு வந்தது. ஒலியை விழுங்கும் ஆற்றலுக்கு அவர் கொண்ட அளவுகோல் திறந்த சன்னல். சன்னலில் புகுந்த ஒலி திரும்பாது அல்லவா? வெப்பம் மிக்க நம் கரையில் சன்னல்கள் பெரும்பாலும் திறந்தே இருக்கின்றன. அவற்றின் வழியே மந்தரமும் ஓரளவு வெளியேறி, அறையின் உறுமல் தணியும். ஆனால் வெளியேறிய ஒலி அடுத்த வீட்டுக்குப் போகிறது என்பதையும் மறத்தலாகாது. மெல்லிய திரைச்சீலையும் தரைவிரிப்பும் உயர்ந்த ஒலியைத் தணிக்குமே தவிர, எட்டு மீட்டர் அலையை அவை ஒன்றும் செய்யா.

இவ்வரலாற்றை அறிந்தவனுக்குத் தேர்வு எளிது. முதலில், தான் கேட்பது யாது என்று அவன் கேட்டுக்கொள்ள வேண்டும். வாய்ப்பாட்டும் நாகசுரமும் மிருதங்கமுமே விருப்பமாயின், 50 ஹெர்ட்ஸ் வரை தெளிவாக இறங்கும் பெட்டி போதும். தம்புராவின் மந்தரத் தந்தியும் அதற்குள் அடங்கும். திரைப்படத்து இடிமுழக்கம் வேண்டுவோர்க்கே 25, 30 ஹெர்ட்ஸ் தேவை. சிறிய அறைக்கு எட்டு அல்லது பத்து அங்குலக் கூம்பு போதுமானது. துளைப்பெட்டி அதே ஆற்றலில் உரக்க ஒலிக்கும். ஆயின் துளையின் அதிர்வுக்குக் கீழே அதன் ஒலி திடீரென விழுந்துவிடும். மூடிய பெட்டியின் ஒலி மெல்லச் சரியும். சன்னலும் கதவும் மூடிய சிற்றறை, மிகத் தாழ்ந்த ஒலிக்குத் தானே சிறிது துணைபுரிவதால், அச்சரிவு ஓரளவு ஈடாகும். ஆதலால் சிற்றறைக்கு மூடிய பெட்டியே ஏற்றது என்பது என் கருத்து.

உப்புக்காற்று வீசும் ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு வளையம் நுரைப்பஞ்சாக இருந்தால், வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பொடிந்துவிடும். ரப்பர் வளையம் நெடுநாள் உழைக்கும். கம்பி இணைப்புகளில் பாசம் பற்றாதபடி அவ்வப்போது துடைத்து இறுக்குதலும் நன்று.

வாங்கியதை எங்கே வைப்பது? மூலையில் வைத்தால் அறையின் எல்லா நிலையலைகளும் ஒருங்கே விழித்தெழும். உரப்பு மிகும், தெளிவு குறையும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் இடமாற்றினாலும், இடையே செல்லும் ஒலியின் அளவு மாறாது என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸும் ராலே பிரபுவும் 19ஆம் நூற்றாண்டிலேயே நிறுவினர். ஆகவே பெட்டியை உங்கள் நாற்காலியின் மேல் ஏற்றிவையுங்கள். மந்தர நடை ஏறி இறங்கும் ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகக் குனிந்து தவழ்ந்து வாருங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கின்றனவோ, அந்த இடமே பெட்டிக்கு உரியது. வீட்டார் நகைப்பர், நகைக்கட்டும். நாற்காலியையும் நட்ட நடுவிலும் சுவரோரத்திலும் போடாமல் சற்று விலக்குங்கள்.

அடுத்து, மற்ற ஒலிபெருக்கிகளோடு பெட்டியைப் பொருத்த வேண்டும். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சப்வூஃபர் பணியை ஏற்க வேண்டும் என்பதைக் குறிக்கும் திருகு அதில் உண்டு. 80 ஹெர்ட்ஸ் என்பது பலரும் கொண்ட எல்லை. அதற்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று செவி எளிதில் அறியாது. ஆனால் மற்ற ஒலிபெருக்கிகள் மிகச் சிறியனவாயின், எல்லையைச் சிறிது உயர்த்த நேரும். பின்பு, முன்னும் பின்னுமாகிய அசைவு ஒத்துப்போகச் செய்யும் விசையை இருபுறமும் மாற்றிப் பாருங்கள். எல்லைக்கருகிலுள்ள சுரங்கள் எப்புறத்தில் நிறைவாகக் கேட்கின்றனவோ அப்புறத்தில் விட்டுவிடுங்கள். ஒரே பெரிய பெட்டியைவிட, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்த இரு சிறிய பெட்டிகள் அறை முழுவதும் சமமான ஒலியைத் தரும் என்பதை டாட் வெல்டி என்னும் ஆய்வாளர் 2002ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார்.

கடைசியாக உரப்பு. இரும்பு பீரோவும் சன்னல் கண்ணாடியும் கிலுகிலுத்தால், அவற்றை முதலில் அடக்குங்கள். நன்கறிந்த ஒரு மிருதங்கத் தனியாவர்த்தனத்தை வையுங்கள். தொப்பியின் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், தனித்தனியே பிறந்து தனித்தனியே அடங்க வேண்டும். பெட்டி தனியே பேசுவது கேட்டால் உரப்பு மிகுந்துவிட்டது, குறையுங்கள். அதை நிறுத்தியபோதுதான் ஏதோ குறைந்தது என்று தோன்ற வேண்டும். அதுவே சரியான அளவு.

சுவரைக் கடந்து செல்லும் இயல்பால் கப்பலைக் காக்கும் மந்தர ஒலி, அதே இயல்பால் அயலாரை வருத்தவும் வல்லது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபெலும், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபெலும் எல்லையாக வகுத்துள்ளன. சட்டத்தின் அளவுகோல் ஒருபுறம் இருக்க, அடுத்த வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் மாணவியும், நோயுற்ற முதியவரும் உங்கள் அறையின் கதவுக்கு வெளியே இல்லை என்று கருதிக்கொள்ளுங்கள். மந்தர ஒலிக்கு அவர்கள் உங்கள் அறைக்குள்ளேயே இருக்கிறார்கள். இரவில் அதன் திருகைத் தாழ்த்துவது மரியாதை.

மாணவ நண்பர்களே, சங்கு குளித்தவர் சங்கின் பருமனையும் புரியையும் பார்த்து அதன் தரத்தை அறிந்தார். ஒலியை நாடுகின்ற நீங்கள் கடையில் பெட்டியின் பருமனைப் பார்ப்பதற்கு முன்னே, ஓர் அளவுநாடாவைக் கொண்டு உங்கள் அறையின் நீள, அகல, உயரங்களை அளந்து, ஒரு தாளில் 345ஐ அவற்றின் இருமடங்கால் வகுத்துப் பாருங்கள். மூன்று எண்கள் கிடைக்கும். அவையே நீங்கள் குடியிருக்கும் சங்கின் சுரங்கள்.